எதிரே வருபவரின் கண்கள்: துவிச்சக்கர வண்டி விளக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் வீதி விளக்குகளை அணைத்து வைக்குமாறு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 31 ஆம் திகதி மின்வெட்டு 13 மணி நேரத்தை எட்டியது. சில நாட்களில் ரமழான் மாதம் பிறந்தது. பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், மகாவலி கங்கைக்கும் புகையிரதப் பாதைக்கும் அண்மையில் நெருக்கமாக அமைந்த எங்கள் கெலிஓயாவில் தராவீஹ் தொழுகைக்குச் செல்வோர் ஒருபுறம், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்துத் திரும்புவோர் மறுபுறமாக இருட்டில் தட்டுத் தடுமாறி நடந்து கொண்டிருந்தனர். பெற்றோல் இல்லை. ஆகவே, பல வருடங்களாக வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளெல்லாம் வீதிக்கு வந்தன. அவற்றோடு வந்து சேர்ந்தவைதான் கைபேசியை மின்னேற்றும் வயராலேயே மின்னேற்றிக் கொள்ளக்கூடிய, கைவிரல் அளவேயான, கண்ணைப் பறிக்கும் எல்.ஈ.டி. விளக்குகள்.

அந்த நாட்களில் எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வடிகானுக்குள் விழுந்து காலை முறித்துக் கொண்டார். எந்த வாகனமும் அவர் மீது மோதவில்லை. எதிரே வந்த இளைஞரின் சைக்கிள் விளக்கு முகத்தில் பட்டதும் அவருக்குக் கண் இருண்டுவிட்டது. ஒதுங்குவதற்காக ஓரடி பக்கவாட்டில் வைத்தார், அங்கே நிலம் இருக்கவில்லை. அந்த இளைஞர்தான் அவரைத் தூக்கியெடுத்து முச்சக்கர வண்டி தேடி அலைந்தார் என்பதையும் சொல்லவேண்டும். "விளக்கில்லாமல் ஓடினால்தானே குற்றம், நான் விளக்கோடுதானே வந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சைக்கிளுக்கு விளக்கு வேண்டும் என்ற சட்டம் பிரித்தானியாவில் 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவோடு நாடளாவிய விதியானது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தின் பின்னரிலிருந்து, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னர் வரை விளக்கெரிய வேண்டும் என்பது விதி. அந்த விளக்கு எதற்காக என்பதையும் அச்சட்டம் கூறிற்று: வண்டி வருவதையும் அது நிற்குமிடத்தையும் மற்றவர்களுக்கு அறிவிப்பதற்காக. ஓட்டுபவர் பாதையைப் பார்ப்பதற்கு என்று அதில் இல்லை. அக்காலச் சைக்கிள் விளக்கால் பாதையைப் பார்க்கவும் முடியாது. எண்ணெய்த் திரியின் மஞ்சள் வெளிச்சம் முன்சக்கரத்துக்கு அப்பால் நாலடி போனால் அதிகம். பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ், பெரிய முன்சக்கரமுடைய பழைய சைக்கிளின் அச்சிலே தொங்கவிடும் எண்ணெய் விளக்கைச் செய்து விற்று 1870 களின் இறுதியிலிருந்து பெயர் பெற்றார். 'வீதியின் அரசன்' என்ற பொருளில் அவ்விளக்குக்குப் பெயரிடப்பட்டிருந்தது. வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிது.

எண்ணெய், மெழுகு என்றவுடன் நம் நாடும் கதைக்குள் வந்துவிடுகிறது. வண்டி விளக்குகளுக்கான மெழுகுதிரிகளை விற்ற இலண்டன் பிரைஸ் மெழுகுதிரிக் கம்பனி, தேங்காய் எண்ணெய்க்காக இலங்கையில் தென்னந்தோட்டங்களை வைத்திருந்தது. பிற்காலத்தில் சைக்கிள் டயருக்கான இறப்பரும் இங்கிருந்து போயிற்று. 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டபோது அவ்வேலையை மேற்பார்வை செய்தது எங்கள் பேராதனைப் பூங்காவின் நிர்வாகம்தான்.

வெளிச்சம் முதன்முதலாகப் பலம் பெற்றது கால்சியம் காபைட்டினால். 1892 இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் தோமஸ் வில்சன் வேறெதையோ உருக்கப் போய்த் தற்செயலாக இதைக் கண்டார். அதே ஆண்டில் பாரிஸில் ஹென்றி மொய்சானும் தனியாகக் கண்டறிந்தார். இக்கல்லின் மீது தண்ணீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு கிளம்பும். அதைக் கொளுத்தினால் கண்கூசும் வெண்சுவாலை. 1890 களின் இறுதியில் மேலறையில் தண்ணீரும் கீழறையில் கல்லும் கொண்ட சைக்கிள் விளக்குகள் சந்தைக்கு வந்துவிட்டன. நம்மவர்கள் காபைட்டை மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்கும் கல்லாகவே அறிவர். அது ஒரு காலத்தில் இருட்டு வீதியில் சைக்கிளுக்கு வழிகாட்டிய பொருள் என்று சொன்னால் எங்கள் சந்தைப் பழக்கடைக்காரர் நம்ப மறுக்கிறார்.

இதே அசெட்டிலீன் விளக்கு மோட்டார் கார்களிலும் ஏறியது. அங்கேதான் கண்கூசும் பிரச்சினை பெரிதாயிற்று. பின்னர் மின்விளக்கு வந்து அதை மேலும் பெரிதாக்கியது. 1915 இல் அமெரிக்காவில் கீழே சாய்க்கக்கூடிய முன்விளக்கு வந்தது. ஆயினும், சாய்ப்பதற்குக் காரை நிறுத்தி இறங்க வேண்டியிருந்தது. 1917 இல் கடிலாக் கார்களில், ஆசனத்தில் இருந்தபடியே ஒரு நெம்புகோலால் சாய்க்கும் வசதி ஏற்பட்டது. 1924 இல் மேல் வெளிச்சத்தையும் கீழ் வெளிச்சத்தையும் ஒரே குமிழுக்குள் தரும் பல்ப் வந்தது. இன்று எங்கள் பஸ் சாரதிகள் 'டிம் அடிப்பது' என்று சொல்வதன் வம்சாவளி இதுதான். சட்டம், தொழில்நுட்பம், சாரதிகளின் பழக்கம் மூன்றும் சேர்ந்து, எதிரே வருபவருக்கும் கண் உண்டு என்பதைக் கார்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது.

சைக்கிளுக்கு இப்பாடம் எவராலும் கற்பிக்கப்படவில்லை. தேவையிருக்கவில்லை என்பதே காரணம். காபைட் விளக்கின் அசௌகரியங்களைத் தாங்காத மக்கள் டைனமோவுக்கு மாறினர். டயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் அந்தச் சிறிய போத்தல் வடிவ இயந்திரத்தின் நியம அளவு 6 வோல்ட், 3 வாட். இதில் 2.4 வாட் முன்விளக்குக்கும் 0.6 வாட் பின்விளக்குக்கும் போகும். அந்தச் சாதாரணப் பல்பிலிருந்து கிடைத்த வெளிச்சம் இருபது முப்பது லுமென் அளவுதான். இன்று இணையக் கடைகளில் ஆயிரம் லுமென் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டதெல்லாம் உண்மையல்ல என்று கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பத்து மடங்குக்குக் குறையாது.

டைனமோவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். எங்கள் தலைமுறையின் விளக்கு அதுதான். மலைநாட்டில் சைக்கிள் ஓடுவது பொதுவாகச் சிரமமானது. எனினும், பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி மகாவலிப் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்வதால் ஏற்ற இறக்கம் குறைவு. ஆகையால் இங்கே சைக்கிள் எப்போதும் இருந்து வந்தது. 1990 களின் முற்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், நூலகம் மூடிய பின்னர் நான் இவ்வழியே சைக்கிளில் வீடு திரும்புவது வழக்கம். டைனமோவைச் சக்கரத்தோடு பொருத்தியவுடன் வண்டி பாரமாகிவிடும். வேகமாக மிதித்தால் விளக்கு பிரகாசிக்கும், மெதுவாக மிதித்தால் மங்கும், நின்றால் அணைந்துவிடும். யாராவது எதிரே நடந்து வந்தால் இயல்பாகவே வேகத்தைக் குறைப்போம்; வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். அந்தக் குறைபாட்டுக்குள் இப்படியொரு மரியாதை ஒளிந்திருந்ததை அப்போது எவரும் கவனித்ததில்லை.

பொலிசார் கவனித்தது வேறொன்றை. விளக்கில்லாமல் ஓடுவதும் 'டபிள்ஸ்' ஏற்றுவதும்தான் அன்றைய சைக்கிள் குற்றங்கள். எங்களுக்கு முந்திய தலைமுறையினர் சிரட்டைக்குள் மெழுகுதிரியை ஏற்றி ஹாண்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொலிசாரைக் கடந்த கதைகளை ஊரில் முதியவர்கள் இன்றும் சொல்வர். 'விளக்கு இருந்தது ஐயா, காற்றுக்கு அணைந்துவிட்டது' என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான சமாதானம்.

அதே காலப்பகுதியில் வடக்கில் டைனமோவுக்கு வேறொரு வாழ்வு இருந்தது. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். செய்தி வாசிப்பு முடியும்வரை மாறி மாறிச் சுற்றவேண்டும். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். செய்தி என்பதற்கு எவ்வளவு பெறுமதி என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன்னரே எனக்கு உணர்த்தியது இந்த விவரம்தான்.

அதைச் சொன்னவர் என்னோடு படித்த யாழ்ப்பாணத்து நண்பர். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில், வெளிச்சமில்லாத படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து பேராதனைக்கு வந்தவர். முதல் நாள் என்னோடு கெலிஓயாவுக்கு வந்தபோது வீதி விளக்குகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லைற்றும் ஆருக்கு மச்சான் எரியுது?" என்று கேட்டார். விமானச் சத்தம் கேட்டால் இருந்த ஒரு விளக்கையும் ஊதி அணைத்துப் பழகியவர். எங்கள் வீதியில் சைக்கிள் ஓடும்போதுகூட எதிரே ஆள் வந்தால் முன்விளக்கின் மேல் கையை வைத்து மறைப்பார். அது பயத்தின் பழக்கமா, பண்பின் பழக்கமா என்று அன்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இரண்டும் கலந்ததாகவே இருந்திருக்க வேண்டும்.

பயத்தினால் வெளிச்சத்தைக் குறைக்கும் பழக்கம் தெற்குக்கும் புதிதல்ல. 1988, 89 காலத்தில் இரவில் விளக்குகளை அணைக்குமாறு கட்டளைகள் வந்ததை எங்கள் ஊரார் அறிவர். யுத்த காலம் முழுவதும் சோதனைச் சாவடிகளில் முன்விளக்கை மங்கலாக்கி உள்விளக்கைப் போடுமாறு பலகை வைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு நிற்பவரின் கண் கூசக்கூடாது என்பதில் அப்போது எல்லோரும் மிகுந்த கவனமாயிருந்தோம். வெறுங்கையோடு நடப்பவரின் கண்ணைப் பற்றி அத்தகைய கவனம் ஏன் எழவில்லை என்பது யோசிக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போரிலும் இது நடந்தது. பிரித்தானியாவில் 1939 செப்டெம்பரில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தவுடன் வாகன விளக்குகளுக்கு மறைப்பு இடவேண்டியதாயிற்று. கை டோர்ச்சுக்குக்கூட மெல்லிய தாள் இரண்டு மடிப்புச் சுற்றவேண்டும். அதுவரை சைக்கிள்களுக்குப் பின்விளக்குக் கட்டாயமாக இருக்கவில்லை. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் சிவப்பு விளக்கு அல்லது ஒளிதெறிக்கும் சிவப்புக் கண்ணாடி, இரண்டில் ஒன்று போதும் என்றது. பின்விளக்கைக் கட்டாயமாக்குவதை அங்குள்ள சைக்கிளோட்டிகள் சங்கத்தினர் நெடுங்காலம் எதிர்த்து வந்தனர்: பின்னால் வருபவர்தான் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஓடவேண்டும், பார்க்க முடியாத வேகத்தில் ஓடுவது அவருடைய குற்றம் என்பது அவர்களது வாதம். போர்க்கால இருட்டு அவ்வாதத்தைத் தோற்கடித்துவிட்டது. ஆனாலும் அதில் ஒரு நீதி இருந்ததாகவே எனக்குப் படுகிறது. பலம் கூடியவர்தான் பொறுப்பும் கூடியவர் என்பதே அதன் சாரம். அன்று காருக்கு எதிராகச் சைக்கிள்காரர் சொன்ன அதே வாதத்தை இன்று சைக்கிள்காரருக்கு எதிராக நடந்து செல்பவர் சொல்லலாம்.

இனி எல்.ஈ.டி.க்கு வருவோம். சிவப்பும் பச்சையுமாக எரியும் சிறு எல்.ஈ.டி.கள் முன்பே இருந்தன. நீலம்தான் கைகூடாமல் இருந்தது. நீலமின்றி வெள்ளை இல்லை. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நகமுரா 1993 இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை வெளிக்கொணர்ந்தார். அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளை ஒளி பெறும் எல்.ஈ.டி. 1996 இல் விற்பனைக்கு வந்தது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குத் தகுதியான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. மின்வெட்டு நாட்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததும் அந்த ஒளியில்தான். ஆனால், காருக்கு வெளிச்சமும் அதை அடக்கும் விதியும் ஏறத்தாழச் சேர்ந்தே வளர்ந்தன. சைக்கிளுக்கோ நூறு வருடம் மங்கலாயிருந்த விளக்கு பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கார் விளக்கோடு போட்டியிடும் நிலைக்கு வந்துவிட்டது. விதியும் பழக்கமும் மட்டும் டைனமோக் காலத்திலேயே நின்றுவிட்டன.

இதற்கு விலக்கானது ஜேர்மனி. அந்நாட்டு வீதி அனுமதிச் சட்டத்தின் 67 ஆம் பிரிவு சைக்கிள் விளக்குக்கென்றே எழுதப்பட்டது. அதன்கீழ் அனுமதி பெறும் முன்விளக்கு பத்து மீற்றர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் வெளிச்சம் தரவேண்டும்; அதேவேளை, வெட்டுக்கோட்டுக்கு மேலே, அதாவது எதிரே வருபவரின் கண் இருக்கும் உயரத்தில், 2 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. விளக்கின் உள்ளே பிரதிபலிப்பான் அதற்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும். ஒளி வீதியின் மேல் பாய்போல விரியும், மேலே எழாது. முன்விளக்கு மின்னி மின்னி எரிவதும் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. பிரித்தானியாவில் மின்னும் விளக்குக்கு 2005 இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்கள் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் டோர்ச் வகை. வட்டமான கண்ணாடி வழியே எல்லாத் திசையிலும் சமமாகக் கொட்டும் ஒளி அவற்றினுடையது. அதில் பாதி வீதிக்கும் மீதி வானத்துக்கும் எதிரே வருபவரின் முகத்துக்கும் போகிறது.

முகத்தில் பட்டால் என்னவாகும்? இருட்டில் பார்ப்பதற்கு உதவுவது விழித்திரையிலுள்ள கோல் வடிவக் கலங்கள். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற நிறமி பலமான ஒளியில் வெளுத்துவிடும். முழுமையாக மீண்டு வர அரை மணி நேரம் வரை செல்லும். வயது கூடியவர்களுக்கு இன்னும் அதிகம். அத்தோடு முதுமையில் கண்வில்லை கலங்கலாகும்போது உள்ளே வரும் ஒளி சிதறி, பார்வை முழுவதும் வெண்புகை மூடியதுபோலாகிவிடும். கண்புரை உள்ளவர்களுக்கு இதன் கொடுமை சொல்லத் தேவையில்லை. இருபது வயதுக்காரர் இரண்டு விநாடியில் சமாளித்துவிடும் ஒன்றில் எழுபது வயதுக்காரர் வடிகானுக்குள் விழுவது இதனால்தான்.

நமது நாட்டில் வீதிச் சட்டங்களின் அடிப்படை இன்றும் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே. பலமுறை திருத்தப்பட்டாலும் அது பிறந்தது டைனமோக் காலத்தில். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்ட மேலதிக அலங்காரங்களையும் பொருட்களையும் கழற்றும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கியபோது பெரும் வாதப்பிரதிவாதம் எழுந்தது. அந்தச் சர்ச்சையில் சைக்கிள் விளக்கைப் பற்றி எவரும் பேசியதாக நான் காணவில்லை. பேசாமல் விட்டதும் நல்லதுதான். பொலிசார் சைக்கிள்காரரை வழிமறிக்க இன்னொரு காரணம் தேவையில்லை என்பது என் எண்ணம். விளக்கே இல்லாமல் ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; கண்கூசும் விளக்கைவிட அது ஆபத்தானது. தண்டப்பணத்துக்குப் பயந்து இருக்கும் விளக்கையும் கழற்றிவிடும் நிலை வந்துவிடக்கூடாது.

செய்யவேண்டியது மிகச் சிறியது. விளக்கைப் பூட்டிய பின்னர் சைக்கிளை யாரிடமாவது பிடிக்கக் கொடுத்துவிட்டுப் பத்து மீற்றர் முன்னால் போய் நின்று பார்த்தால் போதும். முகத்தில் அடித்தால் மூக்கைக் கீழே சாய்த்துவிட வேண்டும். ஒளியின் நடுப்பகுதி ஆறேழு மீற்றருக்கு அப்பால் நிலத்தில் விழுந்தால் நம் வீதிகளில் நாம் ஓடும் வேகத்துக்குத் தாராளம். குழியும் தெரியும், நாயும் தெரியும். இவ்விளக்குகளில் அநேகமாக மூன்று நான்கு நிலைகள் உண்டு. கடைத்தெருவில் மிகக் குறைந்தது போதும். கூடியதைக் கெலிஓயாச் சந்தியில் பாவிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மின்னும் நிலையைப் பகலிலும் பனிமூட்டத்திலும் வைத்துக்கொள்ளலாம். இருட்டில் அது எதிரே வருபவருக்குத் தூரத்தைக் கணிக்க விடாது. தலைக்கவசத்தில் விளக்குக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் யாரை நின்று சுகம் விசாரித்தாலும் முதலில் அவரது கண்ணில்தான் அடிக்கிறீர்கள். இவையெல்லாம் முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது யாழ்ப்பாணத்து நண்பரின் வழி. எதிரே ஆள் வரும்போது ஒரு கையை விளக்கின் மேல் வைப்பது.

என் பாட்டி காலத்தில் இரவுப் பயணத்துக்குத் தென்னோலைச் சூள் கொளுத்திக் கொண்டு போவார்கள். எதிரே ஆள் வந்தால் சூளைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, "ஆர் போறது?" என்று கேட்பது முறை. தன் முகம் தெரியவேண்டும், மற்றவர் முகமும் தெரியவேண்டும் என்பதற்காக என்று பாட்டி காரணம் சொல்வார். தீப்பொறி பட்டுவிடக்கூடாது என்பதும் இன்னொரு காரணம்.

அந்த ஆசிரியர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வீதி விளக்குகள் மீண்டும் எரிகின்றன. எங்கள் ஒழுங்கைக்குள் இரண்டு மட்டும் எரிவதில்லை. அவ்விரண்டுக்கும் இடையில்தான் அந்த வடிகான் இருக்கிறது. அதற்கு மூடி போடுமாறு ஊரார் கையொப்பமிட்ட மனுவொன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. இளைஞரின் சைக்கிள் விளக்கு இப்போது நிலத்தைப் பார்த்தபடி எரிகிறது. கண்ணாடியின் மேற்பாதிக்கு அவர் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்.